‘தீர்வு காணப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்த பிறகு செய்ய வேண்டியவை

மழை விட்டு ஒரு வாரம் ஆன ஒரு காலையில், தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அம்மா ஒருவர் தம் கைபேசியை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றார். வீட்டு வாசலில் பாதாளச் சாக்கடை பொங்கி வழிவதாக அவர் மகன் பன்னிரண்டு நாள்களுக்கு முன் பதிவு செய்த புகாருக்கு வந்திருந்த பதில் அது: தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது. படித்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல், ஓரமெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் நனைந்திருந்த தம் புடவையைக் குனிந்து பார்த்தார். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. இதே குறுஞ்செய்தியைக் கைபேசியில் வைத்திருப்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒன்றிய அரசு 2015 ஜூனில் தொடங்கிய சீர்மிகு நகரங்கள் திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, தூத்துக்குடி, வேலூர், திருப்பூர், தஞ்சாவூர், ஈரோடு ஆகிய 11 நகரங்கள். கண்காணிப்புக் கேமராக்கள், குப்பை வண்டிகளின் இடங்காட்டிகள், நீர்மட்டம் காட்டும் உணரிகள் ஆகியவற்றையெல்லாம் ஓரிடத்தில் இணைத்துப் பார்க்கும் கட்டுப்பாட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. திட்டக்காலம் 2025 மார்ச்சோடு முடிந்தது. மையங்களும் செயலிகளும் புகார் எண்களும் நம்மிடம் இருக்கின்றன. சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற தொலைபேசி எண்ணும் ‘நம்ம சென்னை’ செயலியும் உண்டு. சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு 1916. மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987. எந்தத் துறையானாலும் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100. மற்ற மாநகராட்சிகளுக்கும் இவை போன்ற எண்கள் உண்டு.

பெரிய திரையில் நகரம் முழுவதும் தெரிகிறது என்று சொல்லப்படுவதைக் கேட்டு, நம் தெருவும் அதில் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. இப்படி நம்பியே மாதக்கணக்கில் புகார் செய்யாமல் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தெருவிளக்குகளைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவி பெரும்பாலும் பல விளக்குகளுக்குச் சேர்த்து மின்சாரம் தரும் பெட்டியில் பொருத்தப்படுகிறது. அந்த வரிசை மொத்தமாக அணைந்தால் மையத்துக்குத் தெரியும். உங்கள் வீட்டெதிரே உள்ள ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் தெரியாது. குப்பை வண்டியின் இடங்காட்டி வண்டி எந்தச் சாலையில் ஓடியது என்று சொல்லும். உங்கள் சந்துக்குள் யாராவது வந்து குப்பையை வாங்கினார்களா என்று சொல்லாது. சுரங்கப்பாதையில் நீர்மட்டம் பார்க்கும் உணரி, அதற்கு இரண்டு தெரு தள்ளி உங்கள் சமையலறைக்குள் புகுந்த தண்ணீரைப் பற்றி ஒன்றும் அறியாது. எனவே நீங்கள் பதிவு செய்யாத குறை, அந்த மையத்தைப் பொறுத்தவரை இல்லாத குறைதான்.

யாருடைய பள்ளம், யாருடைய சாக்கடை

அலைக்கழிப்பு தொடங்குவது இங்கேதான். நம் கண்ணுக்கு அது ஒரே தெரு. அரசுக் காகிதத்திலோ அது நான்கு துறைகளின் சொத்து. சென்னையில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது. தெருவிளக்கு மாநகராட்சியினுடையது, அதே தெருவில் நிற்கும் மின்கம்பமும் அதில் தொங்கும் கம்பியும் மின்வாரியத்தினுடையவை. உட்தெருச் சாலைகள் மாநகராட்சியின் பொறுப்பு என்றாலும், ஜி.எஸ்.டி. சாலை போன்ற பெருஞ்சாலைகள் அதன் பொறுப்பில் இல்லை. அடையாறும் கூவமும் நீர்வளத் துறையினுடையவை. கோவை, மதுரை போன்ற ஊர்களில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியிடமே இருப்பதால், சென்னையிலிருந்து அங்கே குடிபோனவர்கள் தனி வாரியத்தைத் தேடி அலைய வேண்டாம்.

இவற்றில் மிகவும் பொல்லாதது, கழிவுநீர் மழைநீர் வடிகாலுக்குள் ஓடும் நிலை. வடிகால்காரர் வந்து பார்த்து, "இது சாக்கடைத் தண்ணி, எங்க லிமிட் இல்ல" என்பார். சாக்கடைக்காரர் வந்து பார்த்து, "இது மழைத்தண்ணிக் கால்வாய், எங்களுது இல்ல" என்பார். இருவர் சொல்வதும் அவரவர் பதிவேட்டின்படி சரியாக இருக்கும். தண்ணீர் மட்டும் அங்கேயே நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரே துறைக்குப் புகார் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண். முதல் நாளே இரண்டு துறைகளிலும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றின் விவரப் பகுதியிலும் மற்றதன் புகார் எண்ணைக் குறிப்பிட வேண்டும். இரண்டு எண்களும் ஒரே நாளில் பதிவாகியிருந்தால், ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று யார் எழுதி முடித்தாலும் அந்த வாக்கியம் பின்னர் உங்கள் கையில் ஓர் ஆவணமாகும்.

அவசரமானால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். தேங்கிய தண்ணீரில் மின்கம்பி விழுந்து கிடந்தாலோ, மூடி இல்லாத சாக்கடைக் குழி வாய் திறந்திருந்தாலோ, செயலியைத் திறந்து வகைப்பாடு தேடிக்கொண்டிருக்காமல் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, யாரும் அருகே போகாதபடி ஏதாவது தடுப்பை வையுங்கள். படம் எடுப்பதெல்லாம் பிறகு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து நாள் அலைந்து சலித்த குடியிருப்புவாசிகள், கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து ஓர் ஆளைச் சாக்கடைக் குழிக்குள் இறக்கி அடைப்பை எடுக்கச் சொல்வது இன்றும் நடக்கிறது. துறை செய்யாத வேலைக்கு வேறு வழியில்லை என்று அவர்கள் சொல்லும் நியாயம் நீதிமன்றத்தில் நிற்காது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி மனிதரைச் சாக்கடையையோ கழிவுத் தொட்டியையோ சுத்தம் செய்ய அமர்த்துவது, கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அமர்த்தியவர் நீங்கள் என்றால் வழக்கு உங்கள்மேல் வரும். அதைவிட முக்கியமாக, உள்ளே இறங்கியவர் விஷவாயுவில் மயங்கினால் தூக்கிவிட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

புகாரைத் திருப்பி அனுப்ப முடியாதபடி எழுதுதல்

செயலியில் வரும் புகார்களில் பெரும்பங்கு இடம் சரியாகக் குறிக்கப்படாததால் செத்துப்போகிறது என்பது என் அனுபவம். பகலில் சாலைப் பள்ளத்தைப் படமெடுத்து, இரவு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் புகாரைப் பதிவு செய்கிறோம். செயலி நாம் நிற்கும் இடத்தையே புகாரின் இடமாகக் குறித்துக்கொள்கிறது. மறுநாள் ஊழியர் வரைபடம் காட்டும் இடத்துக்கு, அதாவது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பார்க்கிறார். அங்கே பள்ளம் ஏதும் இல்லை. ‘குறைபாடு காணப்படவில்லை’ என்று முடித்துவிட்டுப் போகிறார். அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் தெருவில் ஒரு நண்பர் இப்படி மூன்று முறை புகார் செய்து மூன்று முறையும் ‘தீர்வு’ பெற்றார். அவர் வீட்டு வாசலில் பள்ளம் இல்லை என்பது மூன்று முறை அரசு ஆவணத்தில் உறுதியானதுதான் மிச்சம். ஆகவே குறை உள்ள இடத்திலேயே நின்று பதியுங்கள், அல்லது வரைபடத்தில் குறியை நகர்த்திச் சரியான இடத்தில் வைத்த பிறகு அனுப்புங்கள்.

முகவரியிலும் ஒரு குழி உண்டு. சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, அக்கம்பக்கத்து நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் தனக்குள் சேர்த்துக்கொண்டு, 15 மண்டலங்களும் 200 வார்டுகளும் கொண்டதானது. அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு பகுதியும் தன் காந்தி தெருவையும் பாரதி தெருவையும் உடன் கொண்டுவந்தது. பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பம் வேறு. ‘காந்தி தெரு, 14’ என்று மட்டும் எழுதிய புகார் வேறொரு மண்டலத்தின் காந்தி தெருவுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று முடிக்கப்படும். வார்டு எண், பகுதியின் பெயர், இரண்டு கதவு எண்கள், அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ கடையோ ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண் போதும். அதை எழுதிவிட்டால் வேறு எதையும் விளக்க வேண்டியதில்லை. தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டும் எதிர்ப்பக்கம் இன்னொரு வார்டுமாக இருந்தால், குறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ஒரு புகாரில் ஒரு குறை மட்டுமே இருக்க வேண்டும். பள்ளம், எரியாத விளக்கு, அள்ளாத குப்பை ஆகிய மூன்றையும் கோபத்தோடு ஒரே புகாரில் எழுதினால், மூன்றில் எளிதான குப்பையை மட்டும் அள்ளிவிட்டு முழுப் புகாரையும் முடித்துவிடுவார்கள். தொலைபேசியில் பதிவு செய்யும் முதியவர்கள், எந்த வகையில் பதிந்திருக்கிறார்கள், எந்த வார்டு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை மறுமுனையில் இருப்பவரிடம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. ‘சாக்கடை’ என்று நாம் சொன்ன ஒரு சொல் பாதாளச் சாக்கடையாகவும் போகலாம், மழைநீர் வடிகாலாகவும் போகலாம். அந்த ஒரு தட்டச்சில் இரண்டு வாரம் போய்விடும்.

வாடகைக்கு இருப்பவர்கள் புகார் செய்ய உரிமை இல்லை என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். சில அலுவலகங்களில், "வீட்டு ஓனரை வரச் சொல்லும்மா" என்று திருப்பி அனுப்புவதையும் கண்டிருக்கிறேன். புதிய குடிநீர் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு, சொத்து வரி தொடர்பான விண்ணப்பம் போன்றவற்றுக்குத்தான் உரிமையாளர் வேண்டும். தெருவில் உள்ள பள்ளத்தைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ குப்பையைப் பற்றியோ புகார் செய்ய வரி ரசீதும் வேண்டாம், உரிமையாளரும் வேண்டாம். அந்தத் தெருவில் நடப்பவராக இருந்தால் போதும்.

கைபேசி எண் என்னும் கண்ணி

எல்லாச் சேவையும் இன்று ஒரு கைபேசி எண்ணில் தொங்குகிறது. வீடு வாங்கியவர்கள் பத்திரம் பதிவானதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சொத்து வரிப் பதிவேட்டில் பழைய உரிமையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் அப்படியே இருக்கின்றன. வரி கேட்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் (ஓ.டி.பி.) அவருக்குப் போகின்றன. இணையத்தில் விண்ணப்பம் போட்டுத் தந்த இடைத்தரகரின் எண்ணே பதிவாகி, சான்றிதழ் தயாரான செய்தி அவருக்கு மட்டும் போய், அதைக் கையில் தர அவர் தனியாகப் பணம் கேட்ட கதையும் உண்டு. பத்திரம் முடிந்த மாதத்திலேயே சொத்து வரியில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். யார் உதவி செய்தாலும் பதியப்படும் எண் உங்களுடையதா என்பதைத் திரையில் பார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள்.

இதே கைபேசிக்குத்தான், ‘மின்கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்’ என்ற மோசடிச் செய்தியும் வருகிறது. மின்வாரியமோ மாநகராட்சியோ உங்கள் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேட்பதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். போன பணம் அடுத்தடுத்த கைகளுக்கு மாறுவதற்கு முன் நிறுத்த வாய்ப்புள்ள நேரம் மிகக் குறைவு.

முடித்துவிட்டார்கள், இனி?

மத்தியப் பிரதேசம் 2010லும் கர்நாடகம் 2011லும் கேரளம் 2012லும், அறிவிக்கப்பட்ட சேவையை இன்ன நாளுக்குள் தரவேண்டும், தராத அலுவலர் தண்டம் கட்ட வேண்டும் என்ற சட்டங்களை இயற்றின. அதன் பிறகு எத்தனையோ ஆண்டுகள் கடந்தும் தமிழ்நாடு இயற்றவில்லை. இதனால் நம் புகார்ச் செயலி காட்டும் ‘இத்தனை நாளில் தீர்வு’ என்பது பெரும்பாலும் ஒரு விருப்பம்தான். ஊழியருக்கோ, கெடு முடிவதற்குள் புகாரை முடித்துக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் இருக்கிறது. வேலையை முடிக்க ஆள், வண்டி, பணம் எல்லாம் வேண்டும். புகாரை முடிக்க ஒரு பொத்தான் போதும். எதை முதலில் செய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முடித்துவிட்டதாகச் செய்தி வந்த அன்றே அந்த இடத்துக்குப் போய், அருகிலுள்ள கதவு எண்ணோ கம்பமோ தெரியும்படி மீண்டும் ஒரு படம் எடுங்கள். குறுஞ்செய்தியை அழிக்காமல் திரையைப் படமாகச் சேமியுங்கள். புகாரை மீண்டும் திறக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வேறு வழியின்றிப் புதிய புகார் போட நேர்ந்தால், ‘இன்ன தேதியில் இன்ன எண்ணில் பதிந்து, பணி நடக்காமலே முடிக்கப்பட்டது’ என்பதை முதல் வரியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதக் குறை ஒன்று, கணினியில் ஒவ்வொரு முறையும் நேற்றுப் பிறந்த குழந்தையாகவே தெரியும்.

1100க்குப் போவதில் தவறில்லை. ஆனால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கோட்டைக்குப் போன மனு, துறைக்கும் மண்டலத்துக்கும் வார்டுக்கும் இறங்கி, கடைசியில் உங்கள் புகாரை முடித்துவைத்த அதே மேசைக்கு வந்து சேரும். அவரே பழைய பதிலை மீண்டும் அனுப்புவார். இதன் பயன், மேலிடத்தில் ஒரு தேதியும் ஓர் எண்ணும் பதிவாகிறது என்பதே.

பல் உள்ள கருவி என்று நான் கண்டது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம், இணையத்திலும் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. முதல் பொறி விண்ணப்பதாரர் பெயரில் இருக்கிறது: சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது, சங்கங்களுக்கு அல்ல. குடியிருப்போர் நலச்சங்கத்தின் கடிதத்தாளில் சங்கத்தின் பெயரால் அனுப்பி, அந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு மாதம் கழித்துத் திருப்பப்பட்ட விண்ணப்பங்கள் உண்டு. ஒரு தனிநபர் தம் பெயரில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். இரண்டாவது பொறி கேள்வியின் வடிவம். ‘ஏன் சரிசெய்யவில்லை’ என்று கேட்டால், அது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். காகிதத்தில் உள்ளதைக் கேளுங்கள்: இன்ன எண்ணுள்ள புகார்மீது நாள்வாரியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை, அதை முடித்த அலுவலரின் பெயரும் பதவியும், முடித்தபோது பதிவேற்றிய புகைப்படம், பணி நடந்திருந்தால், செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகல். செய்யாத வேலைக்கு அளவுப் புத்தகத்தில் பக்கம் இருக்காது. இருந்தால் அது அவர்களுக்கு இன்னும் பெரிய தொல்லை.

‘எங்கள் துறை இல்லை’ என்ற பதிலை இந்தச் சட்டம் ஏற்பதில்லை. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 6(3) பிரிவின்படி விண்ணப்பத்தை ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். நீங்கள் அலைய வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. இந்தக் கெடுக்களைத் தவறவிட்டுத் தோற்றவர்களே அதிகம் என்பதால், விண்ணப்பம் அனுப்பிய அன்றே மூன்று தேதிகளையும் நாள்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். தகுந்த காரணமின்றித் தகவல் தராத அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அது அவர் தம் பையிலிருந்து கட்ட வேண்டிய பணம். பணி நடந்ததாக எழுதப்பட்டிருக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட 2(ஒ) பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது.

இட்லிக்கார அம்மாவின் மகன் அப்படித்தான் ஒரு விண்ணப்பம் எழுதினார். பதில் வருவதற்கு முன்பே அடைப்பு எடுக்கும் வண்டி வந்துவிட்டது. பதில் பின்னர் வந்தது: புகார் எண்ணுக்கு எதிரே பணி நடந்த நாள் என்று, வண்டி வந்ததற்கு மூன்று வாரம் முந்தைய தேதி ஒன்றைப் போட்டிருந்தார்கள். முதல் மேல்முறையீட்டில் அந்தத் தேதியைத்தான் கேட்டிருக்கிறோம்.

இடைப்பட்ட காலத்தில் உங்கள் வார்டில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் தவறாமல் போங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைக் கூட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. பேச வாய்ப்புக் கிடைத்தால் குறையை நீட்டி விவரிக்காமல், புகார் எண்ணையும் அது முடிக்கப்பட்ட தேதியையும் சொல்லி, கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாங்கி, எண் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.